எண்சாணும் நாலு விரலும்

டோபோல் நதி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
குர்கன் நகரத்தில், பேருந்து நிற்குமிடத்துக்கு எதிரே
என் கடை: ஒரு தையல் எந்திரம்,
வலது மூலையில் ரசம் போன ஆளுயரக் கண்ணாடி.

ஆஸ்பத்திரி இரண்டு நிறுத்தம் தள்ளி.
வருகிறவர்களில் பாதிப்பேர்
காலைச் சுற்றி இரும்பு வளையங்களோடு வருவார்கள்.
கால்சட்டையின் பக்கத்தையலைப் பிரித்து
வரிசையாகப் பொத்தான் வைத்துத் தருவேன்.
வளையம் கழன்றதும் திரும்ப வருவார்கள்,
பிரித்ததை மூடித் தைக்க.

சவேலி இரண்டு தடவையும் வந்தவன்.
மூன்றாம் தடவை, மார்ச்சில், கோட்டு தைக்க வந்தான்.
ஷாத்ரின்ஸ்கில் தம்பிக்குக் கல்யாணம்.
"நூற்று அறுபத்தொன்பது" என்றான், நான் கேட்பதற்குள்.
நாடா சொல்லட்டுமே என்றேன்.
நாடாவும் அதையே சொன்னது.
பரீட்சையில் தேறியவன்போல் சிரித்தான்.

ஏழு சென்டிமீட்டர்.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நாலாகப் பிரித்து
காலையில், உச்சியில், விளக்கு வைக்கையில், படுக்கப் போகையில்
தன் காலின் திருகாணியைத் தானே திருகி
எழுபது நாள்.
இடைவெளியில் எலும்பு ஊற அப்புறம் எத்தனையோ மாதம்.
துணியை இழுத்தால் கிழியும், இல்லையென்றால் கோணும்.
முப்பது வருஷத்தில் நான் கண்டது அவ்வளவுதான்.
இழுக்க இழுக்கத் தன்னையே நெய்துகொள்கிற பொருள்
என் அலமாரியில் கிடையாது.

தோள், மார்பு, இடுப்பு
எல்லாம் என் பழைய சீட்டில் எழுதியிருந்தபடியே.
கைகளும்.
விரல்நுனி தொடையில் பழைய இடத்தைத்தான் தொடுகிறது;
தரைதான் தள்ளிப் போய்விட்டது.
ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.
தலை பழைய உயரத்துக்கு வந்து நின்றது,
முழங்கால் இரண்டும் மட்டும்
பள்ளிக்கூடப் பெஞ்சில் மாட்டிக்கொண்ட பெரியவனுடையவைபோல்
மேலே எழும்பி நின்றன.

எண்சாண் உடம்பு என்கிறோம்.
யாருடைய சாண்? அவரவர் கைச் சாண்.
குள்ளனும் எண்சாண், நெட்டையனும் எண்சாண்;
அந்தக் கணக்கில் கடன்பட்டவன் எவனும் இல்லை.
சவேலி இப்போது எண்சாணும் நாலு விரலும்.
நான் இதைச் சொல்லவில்லை.
வாயில் குண்டூசி இருந்தது.

கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான்.
பக்கவாட்டில் திரும்பினான். மறுபடி நேராக.
"கோட்டைக் கொஞ்சம் இறக்கித் தைக்கலாமா?" என்றான்.
"எவ்வளவு?"
"ஒரு மூணு சென்டிமீட்டர்... கால் தனியா நீளமாத் தெரியுது."

ஏழில் மூன்று.
முப்பது நாள் திருகியதைத்
துணிக்குள் ஒளித்துவைக்கச் சொல்கிறான்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.
என் இடது தோள் வலதைவிட ஒரு விரல் தாழ்ந்தது.
எந்திரத்தின் மேல் கவிழ்ந்தே கழிந்த வாழ்க்கை.
என் எல்லா ரவிக்கையிலும் இடப்பக்கம்
பஞ்சு ஒரு மடிப்பு கூடுதல்.
பக்கத்துக் கடை ரைசாவுக்குக்கூடத் தெரியாது.

"இறக்கலாம்" என்றேன்.
"சட்டைக் கைமுனை ஒரு விரல் வெளியே நீட்டட்டும்,
கையும் நீண்டு தெரியும்."
சாக்கட்டி உருண்டு விழுந்தது.
குனிந்தான், கை பாதியில் நின்றது,
ஒரு காலை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தி
மண்டியிட்டு எடுத்துக் கொடுத்தான்.
வெட்டவேண்டிய துணியை வெட்டாமல்
ஓரத்தில் உள்ளே மடித்து வைத்தேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜூனில் வந்தான், கல்யாணப் படத்தோடு.
நீள மேசை, ஊறுகாய்க் கிண்ணங்கள்,
இருபது பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.
தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் இவன் தோள்,
நூற்று அறுபத்திரண்டில் இருந்த அதே சவேலி.
"நிக்கிற படம் ஒண்ணுகூட இல்ல," என்றான்,
"எல்லாரும் ஆடிட்டே இருந்தோம்."

கோட்டு அவன் கையில் மடிந்து கிடந்தது.
ஓரத்தை ஏற்றவேண்டுமா என்று கேட்டேன்.
இல்லை என்றான்.
ஆடும்போது பொத்தான் ஒன்று தெறித்துவிட்டதாம்.