முத்திரையளவு

பீல் நகர நூலகத்தில் எனக்கு முன்னால் ஒன்பது பேர்.
பெயர் எழுதிவைத்துப் பத்தொன்பது கிழமை கழித்துக்
கைக்கு வந்தது 'உப்புத் துறை'.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கறுப்பு வெள்ளை,
பிறந்த பிள்ளையின் நிறை.

பின்னட்டையில் புகழுரை பதினொன்று.
ஒருவர் காவியம் என்கிறார்.
இன்னொருவர், இதற்குப் பிறகு எவரும்
மழை கீறக் கூடாது என்கிறார்.
அந்த மனிசன் பீலில் ஒரு நவம்பர் இருந்து பார்க்கட்டும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
நான்காம் இயந்திரம் சுற்றி முடிக்க
ஐம்பத்திரண்டு நிமிடம்.
கையைத் துடைத்துவிட்டுத்தான் பக்கம் திருப்பினேன்.

முதல் நூறு பக்கம்
நீளக் கோட்டுப் போட்ட ஆம்பிளைகள்
நீள நேரம் கடலைப் பார்க்கிறார்கள்.
பேச்சுக் குமிழிகள் புளித்த மா போலப் பொங்கி
கட்டத்தை நிறைக்கின்றன.
கொஞ்சம் வாயை மூடுங்களேன்,
பின்னால் ஒரு அலை நிற்கிறது, பாவம்.

வெளிச்சவீட்டுக்காரனின் மனைவிக்குப் பெயர் இல்லை.
எண்ணினேன். பதினான்கு கட்டத்தில் வருகிறாள்.
ஒன்பதில் முதுகு.
மூன்றில் குளிக்கிறாள்.
ஒன்றில் செத்துக் கிடக்கிறாள்.
மிச்சமிருக்கும் ஒன்றில் சூப் ஊற்றுகிறாள்,
தலை கட்டத்துக்கு வெளியே.

இதை யானிக்கிடம் எப்படிச் சொல்வது?
புத்தகத்தை என் தலையில் கட்டியவனே அவன்தான்.
பதினேழில் வாசித்தானாம்.
பதினெட்டில் அந்த வெளிச்சவீட்டை
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்திக்கொண்டான்.
(பதினேழில் நான் வாசித்தது
கியாசோ எல்லையில் நீட்டிய படிவங்களை.
அவற்றிலும் கட்டங்கள் இருந்தன.)
அவன் போர்வை மடிக்கும்போது
அது நீண்டு, வேர்த்து, மினுங்கி
எங்கள் கூடத்துக்கே கரை காட்டும்.
புத்தகத்தில் தேடினேன்.
அறுபத்தாறாம் பக்கம், கீழ் மூலை.
முத்திரையளவு.
அவசரத்தில் இழுத்த நாலு கோடு.
அவன் கையில்தான் அது வடிவு.

மூடி வைத்திருப்பேன்.
இயந்திரம் இன்னும் இருபது நிமிடம் என்றது.

நூற்றெழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு பேச்சும் இல்லை.
ஒன்பது கட்டம். வெளிச்சவீட்டுக்காரன்
ஒரு கோப்பையைக் கழுவப் போகிறான், அவ்வளவுதான்.
குழாய். விரல். தண்ணீர். கோப்பையின் காது.
ஐந்தாவதில், விளிம்பில்
உதட்டுச் சாயத்தின் பிறை.
ஆறாவதில் கை நிற்கிறது.
ஏழாவதும் அதே படம்.
அச்சுப்பிழை என்று நினைத்தேன். இல்லை,
குழாயின் சொட்டு ஒரு நூல் இறங்கியிருக்கிறது.
எட்டாவதில் கோப்பையைக் கழுவாமலே
தட்டில் வைக்கிறான்.
ஒன்பதாவதில் குழாயைப் பூட்டுகிறான்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
விரற்கடை அகலத்தில் வெறும் வெள்ளை.
அதற்குள் போய் நின்றுகொண்டேன்.
நான்காம் இயந்திரம் மணியடித்து ஓய்ந்தது
பிறகுதான் தெரிந்தது.
அவளை எண்ணியபோது
இந்தப் பக்கத்தை நான் சேர்க்கவில்லை.

நூற்றெழுபத்து நாலு:
மறுபடி கோட்டு, மறுபடி கடல், மறுபடி வாய்.
கடைசிப் பக்கம் வரை அப்படியே.

விடிய யானிக் கேட்டான், எப்படி?
நூற்றெழுபத்து மூன்று, என்றேன்.
அதில் என்ன இருக்கிறது, என்றான்.
சொன்னேன். கோப்பை, சொட்டு, பிறை.
யோசித்தான். நினைவு வரவில்லை.
குளிர்ந்ததோ என்னவோ,
சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டான்.

வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும்.
எனக்குப் பின்னால் ஏழு பேர்.
மூலை மடிக்கவில்லை, கோடு போடவில்லை.
ஆனால் அந்தப் பக்கத்தில் மட்டும்
ஒரு ஈரப் பெருவிரல் காய்ந்து சுருங்கியிருக்கிறது.
கண்டுபிடித்தால் தண்டம் ஐந்து பிராங்க்.
கட்டுவேன், மலிவு.
மிச்சம் முந்நூற்றுப் பதினொன்றுக்கும்
அவர்கள்தான் எனக்குத் தரவேண்டும்.