பத்துப் பத்துக்கும் பத்து நாற்பதுக்கும்

ஞாயிறு ஒன்றுதான் ஷிஃப்ட் இல்லாத நாள்.
ஓசூரில் பத்தலப்பள்ளி தாண்டி
புதுசு புதுசாய் லேஅவுட் விழுந்த பக்கம்
வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன்.

டூலெட் அட்டை காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது.
திம்மராயப்பா கேட்டைப் பாதி திறந்து
முதலில் தெலுங்கில் கேட்டார், பிறகு தமிழில்.
கம்பெனியா? கம்பெனிதான்.
பசங்க? ஒரே பையன்.
சொந்த ஊர்? அரூர் பக்கம்.
அரூர்ல எங்க?
சொன்னேன்.
ஊருக்குள்ளயா, காலனியா?

எங்கள் ஆலையில் ஒரு கருவி உண்டு, இரண்டு முனை.
துளைக்குள் ஒரு முனை நுழைய வேண்டும்,
மறுமுனை நுழையக் கூடாது.
நாளைக்கு ஆயிரத்து நானூறு துளை பார்க்கிறவள் நான்.
அவர் கேள்வியைக் கையில் எடுத்த விதத்திலேயே
எந்த முனை என்று தெரிந்துவிட்டது.

"தங்கச்சி மகன் வர்றான்மா. மறந்தே போச்சு."
மணி பத்துப் பத்து.

பத்து நாற்பதுக்கு வேதநாயகி போனாள்.
எனக்குப் பக்கத்து மெஷின்.
அதே சம்பளம், அதே கம்பெனி பஸ், அதே ஒரு பையன்.
சொந்த ஊர் பென்னாகரம், ஊருக்குள்ளே.
அவளுக்கு மோர் கொடுத்தார்கள்.
மாடியில் வெயில் தெரியாதாம், தண்ணீர்க் கஷ்டம் இல்லையாம்,
அட்வான்ஸில் பத்தாயிரம் குறைத்துக்கொள்ளலாமாம்.
தங்கச்சி மகனைப் பற்றிப் பேச்சே இல்லை.

தெருமுனை டீக்கடைக்குத் திரும்பி வந்தவள்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"மோர் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்,
"அதான் கேவலமா இருக்கு."

பையனின் கணக்கு நோட்டில் கோடு போட்டோம்.
கதவு எண். மணி. எனக்குச் சொன்னது. அவளுக்குச் சொன்னது.
ஏழு ஞாயிறு, முப்பத்தோரு வீடு.
மூன்று வீட்டில் இருவருக்கும் ஒரே பதில்.
அந்த மூன்றில் ஒருவர் இருவரையுமே விரட்டினார்.
அவரை எந்தப் பக்கம் எழுதுவது என்று
பஸ் வரும்வரை சண்டை.

லேஅவுட்டுக்குப் பின்னால் பாறைப் புறம்போக்கில்
வாரியம் இருநூற்று நாற்பது வீடு கட்டப்போகிறது,
எங்கள் சம்பளத்துக்கு எட்டுகிற தவணையில்.
சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
நலச்சங்கம் மனு வாசித்தது:
நிலத்தடி நீர் இறங்கும், ரோடு தாங்காது,
சாக்கடைக்கு வழியில்லை, மனை மதிப்பு விழும்.
எல்லாம் இருந்தது.
ஊரா காலனியா மட்டும் இல்லை.

தண்ணீர் பயம் எனக்கும் உண்டு.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்குகிறேன்.
அதையும் பேசுவோம், முதலில் இது, என்று
நோட்டைப் பிரித்தேன்.
பெயர் சொல்லவில்லை, கதவு எண் மட்டும்.
ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நெசமாவே தங்கச்சி மகன் வர்றதா இருந்துச்சு,"
எழுந்து நின்றார் திம்மராயப்பா.
அவருக்குத் தங்கச்சியே கிடையாதே என்றது
பின்வரிசையில் ஒரு குரல்.
சிரித்தவர்களில் நலச்சங்கத்தாரும் உண்டு.

எழுத்தர் எழுதினார்:
சில புகார்கள் தெரிவிக்கப்பட்டன.
சில இல்லை சார், இருபத்தெட்டு.
அடித்தார். எழுதினார்.
பென்சிலில்தான்.

செவ்வாய்க்கிழமை எல்லைக் கல் மூன்றைக் காணோம்.
நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது
ரோஜாப் பண்ணை வேலியோரம் ஒன்று கிடந்ததை
வேதநாயகிதான் பார்த்தாள்.
வாரியத்தின் மஞ்சள் பெயின்ட், மேலே ஈரமண்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
இவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை.
நாலடிக்கு ஒருதரம் இறக்கி வைத்து
மூச்சு வாங்கி
அவளுக்கு இந்த மாதம் ஏற்றிய வாடகையைப் பேசிக்கொண்டே
குழியைத் தேடினோம்.

இன்னும் இரண்டு கல்.
ஏழு மணிக்குப் பையனை எழுப்ப வேண்டும்.