எடை குறைந்த நீர்

வாளிக்குள் போத்தலை முழுதாய் அமுக்கி
நீருக்குள்ளேயே மூடியைத் திருகுகிறேன்.
ஒரு குமிழி உள்ளே நிற்கக் கூடாது.
காற்றுப் பட்டால் கொஞ்சம் பறந்துவிடும்,
முதலில் பறப்பது இலேசானது.
மிஞ்சியது தன் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்லும்.

ஜிந்துப்பிட்டி.
நாற்பத்தொரு குடும்பத்துக்கு ஒரு கிணறு.
துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
சுவரில் மாட்டிய சட்டிகள் அதிரும்.
கடல் இவ்வளவு கிட்ட, ஆனாலும் உப்புக் கரிக்காத தண்ணீர்.
"அந்தோனியார் குடுத்தது" என்கிறார் பெனடிக்ற்றா.
"அவர் வர முந்தியே இருந்திச்சு" என்கிறார் லாஃபிர் நானா.
இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.
"குடிக்கலாமா?"
அது வேறு சோதனை, வேறு திணைக்களம்.
எனக்குத் தெரிவதெல்லாம்
எங்கிருந்து வந்தது என்பது மட்டும்.

கடலிலிருந்து ஏறும் மேகம்
கனத்த ஒட்சிசனை முதலில் இறக்கிவைக்கும்:
காலிமுகத்திடலில், மருதானையில்,
நூற்றி முப்பத்தெட்டுக்குக் காத்து நிற்பவர் தலையில்.
மலை ஏற ஏறச் சுமை குறையும்.
மஸ்கெலியாவில் பெய்வது இங்கே பெய்வதைவிட இலேசு,
ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு.
நாக்குக்குத் தெரியாது.
கடைத் தராசுக்கும் தெரியாது.

நானும் மஸ்கெலியாதான்.
அறை தேடினால் கேட்பார்கள், வங்கியில் கேட்பார்கள்,
முன்பு வீதித் தடைகளில் டோர்ச் அடித்துக் கேட்டார்கள்.
பதினொரு வருடம் வெள்ளவத்தை என்பது
அந்தக் கேள்விக்கு விடையாகாது.
சொந்த இடம், சொந்த இடம்.
இப்போது அதே கேள்வியை
நான் தண்ணீரிடம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை முடிவுகள் வந்தன.
எங்கள் மொட்டைமாடியில் பிடித்த மழை: மைனஸ் நாலரை.
பேர வாவி: வெயிலில் கிடந்து கனத்தது, மைனஸ் ஒன்று.
அம்பத்தலையில் அள்ளிய களனி கங்கை: மைனஸ் ஆறு தசம் எட்டு.
ஜிந்துப்பிட்டிக் கிணறு
மைனஸ் ஆறு தசம் எட்டு.

புனிதரில்லை. ஊற்றுமில்லை.
வெள்ளைக்காரன் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்
வீதிக்கடியில் எங்கோ வெடித்துக் கிடக்கிறது.
சிவனொளிபாத மலைச் சரிவில் விழுந்த மழை
ஆறாகி, குழாயாகி, ஓட்டையாகி,
இரவும் பகலும் மணலில் இறங்கி
உப்பைக் கடல் பக்கமாய்த்
தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நிலந்த துள்ளினான்.
படத்தில் சிவப்பு வட்டம் போட்டான்.
நீர் வழங்கல் சபை வரும், தோண்டும், அடைக்கும்.
அடைத்தால்?
"ரெண்டு மழைக்காலம். பிறகு உப்பு" என்றான்,
பேனா மூடியைக் கடித்தபடி.

அறிக்கையில் வட்டத்தை விட்டுவைத்தேன்.
கீழே ஒரு பந்தி சேர்த்தேன்:
முதலில் நாற்பத்தொரு இணைப்பு, பிறகு அடைப்பு.
ஐசோடோப்பு அறிக்கையில் இதற்கு இடமில்லை என்று
மேலே இருந்து திரும்பி வந்தது.
அதே பந்தியோடு மறுபடி அனுப்பினேன்.
இன்னும் பதில் இல்லை.

இரண்டாம் மாதிரிக்குப் போனபோது
பெனடிக்ற்றா வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்,
"எங்கேருந்து வருதாம்?"
"எங்க ஊர்ப் பக்கமிருந்து."
"அவ்வளவு தூரமா!"
சிரித்துவிட்டு ஒரு கோப்பை மொண்டு நீட்டினார்.

குழாயைப் பற்றிச் சொல்லவில்லை.
குடித்தேன்.
போத்தலில் திகதி எழுதும்போது
தூறத் தொடங்கியது,
கொழும்பு மழை, கனத்தது,
மையைக் கலைத்துக்கொண்டு.