ஐந்தில் இரண்டு

எல் ஆல்ட்டோவில் ஜூன் மாதக் காலை.
வகுப்பறைக்குள்ளேயே மூச்சு புகைகிறது.
சாக்கட்டி பிடிக்க வேண்டுமென்று
கையுறையில் இரண்டு விரலை வெட்டியிருக்கிறேன்.

சுவரில் என் பட்டியல்.
இடப்பக்கம் முப்பத்தொரு பெயர், மேலே ஏழு படி.
கட்டங்களுக்குள் மதிப்பெண் கிடையாது.
'வந்துவிட்டது'
அல்லது
'இன்னும் இல்லை'.
சிவப்புப் பேனாவை மார்ச்சிலேயே
இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

தலைமையாசிரியை செனோபியா
கதவருகில் நின்று சொல்கிறார்:
"பக்கத்து வகுப்பு தசமத்துக்குப் போய்விட்டது."
போகட்டும்.
நானும் அப்படிப் போனவள்தான், பதினோரு வருடம்.
நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பாராமல்
நேரத்துக்குக் கிளம்பிய மினிபஸ் நான்.
நவம்பரில் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால்
வண்டியில் நாலு பேர்.

வில்டர் சோக்கே, நான்காம் படி.
அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் எவ்வளவு?
ஐந்தில் இரண்டு.
காகிதத்தை மடித்துக் காட்டினேன்; தலையாட்டினான்.
இரண்டாம் தேர்வில் கேள்வி வேறு, பிழை அதே.
ஏழு படியும் ஏறிவிட்டு
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த லிட்சியை
அவன் பக்கத்தில் உட்காரவைத்தேன்.
அவள் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு விளக்கினாள்.
இவன் விளக்கத்தைத் தின்றுவிட்டான்.
மூன்றாவது முறை.
நான்காவது.
பகுதியையும் பகுதியையும் கூட்டுகிறான்,
தொகுதியையும் தொகுதியையும் கூட்டுகிறான்,
ஒரு தடவைகூடத் தடுமாறாமல்.

அந்தத் தடுமாறாமைதான் என்னை உறுத்தியது.
ஐந்தாவது தாளைத் திருத்தாமல் கவிழ்த்துவைத்துக் கேட்டேன்:
எப்படி வந்தது, சொல்.

"சனிக்கிழமை ரெண்டு பெனால்ட்டி அடிச்சேன், ஒண்ணு கோல்.
ஞாயித்துக்கிழமை மூணு அடிச்சேன், ஒண்ணு கோல்.
மொத்தம் அஞ்சு அடிச்சேன், ரெண்டு கோல்.
எங்க தப்பு, ப்ரோஃபே?"

ஜன்னலுக்கு வெளியே
கேபிள் கார் ஒன்று வந்தது, கடந்தது.
இன்னொன்று வந்தது.

தப்பில்லை.
நான் கேட்காத ஒரு கேள்விக்கு
நான்கு மாதமாகச் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

லிட்சிதான் கேட்டாள்:
"அரை ரொட்டி உங்கிட்ட இருக்கு. இன்னும் கொஞ்சம் தரேன்.
இப்ப அரையைவிடக் கம்மியா ஆயிடுமா?"
அவன் விரல்களை விரித்தான், மடக்கினான்.
அஞ்சில் ரெண்டு. அஞ்சில் பாதி ரெண்டரை.
நெடுநேரம் விரல்களையே பார்த்திருந்துவிட்டு:
"அப்ப மீதி ரொட்டி எங்க போச்சு?"
"நீதான அன்னிக்குத் தின்னே!"

வகுப்பு சிரித்து அடங்கக் கால் மணி ஆனது.
செனோபியா மறுபடி எட்டிப் பார்த்தார்.
விளக்கம் சொல்ல நான் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறாவது தாள்.
ஆறில் ஐந்து.
அடியில் சாய்ந்த கையெழுத்தில்:
ரொட்டி முழுசு ஒண்ணுதான். கோலுக்கு அப்படி இல்லை.
இதைப் புத்தகத்தில் தேடினேன், இல்லை.

கட்டத்தை நிரப்பினேன். அவன் அதைப் பார்க்கவில்லை.
பையை மாட்டிக்கொண்டே கேட்டான்:
"அப்ப என் கோல் கணக்குக்குப் பேர் என்ன?"

பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும்.
திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இன்று ஞாயிறு இரவு.
தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது.
மூன்று பிள்ளைகள் நான்காம் படியில் நிற்கிறார்கள்;
அவர்களிடம் நான் இன்னும் 'எப்படி' என்று கேட்கவில்லை.
கல்லூரிக் காலப் புத்தகங்களைப்
போர்வைமேல் பரப்பி வைத்துத் தேடுகிறேன்.
கிடைக்கவில்லை,
இன்னும்.