இரைச்சல் பொத்தான்

வாக்குப்பதிவு நாள். வாஷிங்டன் நீதிமன்றத்தின் நான்காம் மாடியில்
தேடல் நிறுவனத்தின் மீதான ஏகபோக வழக்கு
முப்பத்தோராம் நாளாக நடக்கிறது.

நிருபர்களுக்கு மூன்று வரிசை.
முதல் வாரம் அதில் இடம் பிடிக்க
விடியற்காலை நாலரைக்கே வாசலில் நின்றோம்,
காபிக் கோப்பையைக் கையுறையோடு பற்றிக்கொண்டு.
இன்று நான்,
பங்கை விற்கலாமா வைத்திருக்கலாமா என்று மோப்பம் பிடிக்க
ஒரு முதலீட்டுக் கம்பெனி அனுப்பிய பையன்,
கதகதப்புக்காக வந்து தூங்கும் ஒருவர்.
மற்ற எல்லாரும் பென்சில்வேனியாவில்
உணவகம் உணவகமாகப் புகுந்து
முட்டை தின்றுகொண்டிருப்பவர்களிடம்
யாருக்கு ஓட்டு என்று கேட்கிறார்கள்.

கூண்டில் லெனோரா பிஷ்கின்.
டேட்டன் நகரத்துக்காரர்.
விமானக் கட்டணங்களை ஒப்பிட்டுச் சொல்லும் தளம் நடத்தினார்,
பதினாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
தேடலின் முதல் பக்கத்தில் இருந்தவர்
மத்தியானம் நாலாம் பக்கத்தில் இருந்தார்.
"உங்களை யாராவது தடுத்தார்களா?"
"இல்லை."
"வாடிக்கையாளருக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததல்லவா?"
"இருந்தது.
நாலாம் பக்கம் வரை யாராவது வந்திருந்தால்."
தூங்கியவர்கூட ஒரு கண்ணைத் திறந்தார்.

அடுத்தது தொகை.
வாங்கிய கைபேசியில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்க
ஆண்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?
வக்கீல் எழுந்தார்: வணிக ரகசியம்.
நீதிபதி ஒரு பொத்தானை அழுத்தினார்.

கூரையிலிருந்து இரைச்சல் இறங்கியது.
மழை மாதிரி.
ஒருவரையும் நனைக்காத மழை.
அதற்குப் பின்னால் வாய்கள் அசைந்தன,
ஒரு விரல் காகிதத்தில் ஏதோ ஓர் எண்ணைத் தொட்டது,
யாரோ தலையாட்டினார்கள்.
என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் இருப்பது
இவ்வளவுதான்: பதினொரு நிமிடம்.

தொள்ளாயிரம் சொல் எழுதி அனுப்பினேன்.
ஆசிரியர் கார்வின் கூப்பிட்டார்.
"நூற்றிருபது. இன்னைக்கு வரைபடம் பெரிசு, தெரியும்ல?"
மாநிலம் மாநிலமாகச் சிவக்கவும் நீலமாகவும் போகும் அந்த வரைபடத்தை
நாங்கள் வரையவில்லை. அதற்கு ஆள் இல்லை.
இலவசமாகத் தருகிறார்கள்,
மூலையில் பொடி எழுத்தில் பெயர் போட்டு,
நான் காலை முழுக்க யாரைப் பற்றி எழுதினேனோ
அவர்கள்தான்.

ரயில் பிடித்து பால்டிமோர் வந்தேன்.
பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில்
மிதிபட்ட வெள்ளைக்கோட்டின் மேல் வரிசை.
அதிபர், செனட்டர், எல்லாம் சடசடவென்று முடிந்தது;
வருஷம் பூராவும் காதில் ஓதிய பெயர்கள்.
கடைசியில் பள்ளி வாரியம். நான்கு பேர்.
ஒருவரையும் தெரியாது.
வாரியக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் நிருபரை
விளம்பர வருமானம் வற்றிய வருஷம் அனுப்பிவிட்டோம்.
வரிசையில் நிற்கும்போதே தேடியிருந்தேன்:
ஷூ வந்தது, காப்பீடு வந்தது,
வேறு ஊரின் பள்ளி வாரியம் வந்தது.

முதல் பெயரின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

இயந்திரம் தாளை இழுத்துக்கொண்டது.
அப்போதுதான் லெனோரா ஞாபகம் வந்தார்.
திரும்பக் கேட்க முடியாது.
"நன்றி கண்ணு" என்று
ட்ராமெல் அம்மா என் கோட்டில்
'நான் வாக்களித்தேன்' ஒட்டினார்.

இரவு பதினொன்று. திரையில் எட்டுப் பேர்
ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.
சத்தத்தைக் குறைத்தால் வேறு எதுவும் கேட்குமோ என்று
குறைத்துப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டிலும் அதே எட்டுப் பேர்.

படுக்கப் போகுமுன் என் செய்தி வந்துவிட்டதா என்று பார்க்க
பிஷ்கின் என்று அடித்தேன்.
நீங்கள் தேடுவது பிஸ்கட்டா
என்று கேட்டது, மரியாதையாக.

நாளை ஒன்பதரைக்கு முப்பத்திரண்டாம் நாள்.
நிதானமாகவே போகலாம்.
இடம் கிடைக்கும்.