மேற்படி

"யூன் மல்ஜா" என்று ஒருமுறைதான் கூப்பிட்டேன்.
மூன்று பேர் எழுந்தார்கள்.
நாலாமவர் எழவில்லை, காது கேட்காது.

யோங்டோ தீவில், மீன் சந்தைக்கு மேல் மாடியில்
கண் மருத்துவமனை.
செவ்வாய் என்றால் கண்புரை நாள்.
எனக்கு முன்னிருந்த நர்ஸ் எச்சரித்துவிட்டுத்தான் போனாள்:
"பெயரை நம்பாதே. பிறந்த தேதியைக் கேள்.
எந்தக் கண் என்பதை
அவர்கள் வாயாலேயே சொல்ல வை."

மல் என்றால் கடைசி. ஜா என்றால் பிள்ளை.
இன்னொரு பெண்ணா, இதோடு போதும் என்று
வீட்டார் வானத்துக்குப் போட்ட விண்ணப்பம்.
சாப்பிடக் கூப்பிட்டாலும் அடிக்கக் கூப்பிட்டாலும்
ஒவ்வொரு தடவையும் மேலே போய்ச் சேரட்டும் என்று
பெயராகவே வைத்துவிட்டார்கள்.
போர் முடிந்த புதிதில் தெருவுக்கு இரண்டு மல்ஜா.

பதிவேட்டில் முதல் வரியில் பெயரை எழுதினேன்.
அதன் கீழ் மேற்படி.
மேற்படி.
மேற்படி.
தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவரா?"
"எடுக்கிறவள்" என்று திருத்தினார் முதலாமவர்.
எழுபத்திரண்டு வயது.
எத்தனை நாளில் தண்ணீரில் இறங்கலாம்
என்பதைத் தவிர அவருக்கு வேறு சந்தேகம் இல்லை.

அடுத்தவர் பதினாறு வயதில் பஸ் கண்டக்டர்.
படியில் தொங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே திணித்த முதுகு.
ஷிஃப்ட் முடிந்ததும்
சில்லறை ஒளித்திருக்கிறாளா என்று உடம்பு முழுக்கத் தடவுவார்களாம்.
"டாக்டரிடம் சொல்லு,
கண்ணை மட்டும் தொடச் சொல்லு" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

மூன்றாமவர் மண்டபத்தில் மணப்பெண்களுக்கு முகம் எழுதியவர்.
அவர் நீட்டிய அட்டையில் யூன் சோயோன் என்றிருந்தது.
அறுபது வயதில் கோர்ட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டது.
"அப்படியானால் உங்களைக் கூப்பிடவே இல்லையே அம்மா?"
"தெரியும். முழங்கால் முந்திக்கொண்டது."
ஒரு மேற்படியை அடித்தேன்.
அடித்தது நன்றாகத் தெரிந்தது.

உட்கார்ந்ததும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள்.
எனக்குப் பின்னால் மூன்று தங்கை, என்றார் சங்கு எடுக்கிறவர்.
கண்டக்டருக்குப் பின் ஒரு தங்கை, அவள் பெயர் போதும் என்ற பொருளில்.
மேக்கப் போட்டவருக்குப் பின் தம்பி:
அவன் பிறந்த அன்று
முழு முட்டை ஒன்று தனக்கே கிடைத்ததாம்,
பெயர் பலித்ததற்காக.
எத்தனையோ விருந்தில் சாப்பிட்டும்
அந்த முட்டையின் ருசி வரவில்லை என்றார்.
அதையும் சேர்த்துத்தான் கோர்ட்டில் விட்டுவந்தாராம்.

நாலாமவரிடம் யாரும் கேட்கவில்லை.
அவர் கப்பல் பட்டறையில் துரு தட்டியவர்.
கயிற்றில் கட்டிய பலகையில் தொங்கி
இரும்பு வயிற்றைச் சுத்தியலால் கங் கங் கங்
முப்பது வருஷம்.
சம்பளம் மாதாமாதம் வந்தது,
காது மாதாமாதம் போனது.
ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
கீழே ஐஸ் லாரி, நண்டுக் கூடை, பூனைகள்.
அவருடைய முறை.

மறுபடி கூப்பிட்டேன், உரக்க.
மூன்று தலை திரும்பியது, அவை வேண்டாத தலைகள்.
தோளைத் தொட எழுந்தேன்.
அதற்குள் கண்டக்டர்
பெஞ்சை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்,
பஸ் கிளம்பலாம் என்பதுபோல.

துரு தட்டியவர் சட்டென்று நிமிர்ந்தார்.
"வலது கண்" என்றார்,
யாரும் கேட்பதற்கு முன்பே.