கைமாற்று

இக்கிகேயில்
கடலுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே
ஒடுங்கி நீண்டு கிடக்கிறது ஊர்.
எங்கள் வீட்டிலிருந்து கடல் நாலு தெரு,
மேடு பதினொன்று.
இந்தக் கணக்கு வராத பிள்ளை
வேறெந்தக் கணக்கு போட்டும் பயனில்லை.

கதவுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறப் பை.
ஆறு லிட்டர் தண்ணீர், சூரைமீன் டப்பா எட்டு,
ரேடியோ, அதற்கு நாலு பேட்டரி,
விசில், கத்தி, குளோரின் சொட்டு,
பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டை நகல்கள்,
சில்லறையாய் நாற்பதாயிரம் பெசோ,
துர்ரோனுக்கு ஒரு கிலோ உலர்தீனி.
ஏப்ரலிலும் செப்டம்பரிலும்
கடிகாரத்தைத் திருப்பச் சொல்லும் ஞாயிறுகளில்
பையைக் கொட்டி
ஒவ்வொன்றின் கெடுதேதியையும் வாசிப்பேன்,
கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை.

முதலில் கை வைத்தது நிபால்தோ.
பந்தாட்டம் பாதியில் ரிமோட் செத்துப்போனது.
கடை அடைத்தாயிற்று. கோல் காத்திருக்குமா?
நான் போட்ட சத்தத்தில்
மின்சார பில்லின் ஓரத்தைக் கிழித்து எழுதினார்:
‘பேட்டரி இரண்டு. கைமாற்று.
திங்கள் தருகிறேன். நி.’
சீட்டை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தார்,
வங்கி மேலாளர் மாதிரி.

எந்தத் திங்கள் என்று எழுதவில்லை.

பிறகு பழகிப்போனது.
கேஸ்காரன் வாசலில் நின்றான், பன்னிரண்டாயிரம் குறைந்தது.
அந்தச் சீட்டு என்னுடையது.
கைப்பந்துப் பயிற்சிக்கு யரித்சா விசிலை எடுத்தாள்.
மாதக் கடைசிகளில் சூரை.
குழாயில் இரண்டு நாள் காற்று மட்டும் வந்தபோது
தண்ணீர்.
கலாமா சுரங்கத்துக்குப் போன அன்று எஃப்ராயின்
கத்தியை எடுத்துக்கொண்டான்.
‘கத்தி’ என்று மட்டும் எழுதியிருந்தான்.
திருப்பித் தருவது பற்றிப் பேச்சில்லை.

துர்ரோன் ஜூலையில் செத்தது.
அதன் தீனிக்குக் கைமாற்று கேட்க ஆளில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, இரண்டே முக்கால்.
முதலில் அலமாரித் தட்டுகள் பேசின,
அப்புறம் கட்டில்.
அது நின்றதும்
தெருவிலுள்ள எல்லாக் கைபேசியும் ஒரே குரலில் அலறியது.
ஓடாதே, நட என்று பழக்கியிருக்கிறார்கள்.
நடந்தோம், ஓடுகிற வேகத்தில்.
ஏழாவது தெருவில் நிபால்தோ சொன்னார்:
‘பை ரொம்ப லேசா இருக்கே.’
யாரும் பதில் சொல்லவில்லை.

மேட்டில் மணல் முழங்கால் வரை குளிர்ந்தது.
கைபேசி வெளிச்சத்தில் திறந்தேன்.
சீட்டு, சீட்டு, சீட்டு.
‘காதல் கடிதமா?’ என்றாள் செனோரா ஓயார்சூன்,
ஊருக்கே கேட்கும் குரலில்.
யரித்சா ஒவ்வொன்றாய் வாசித்தாள்.
‘திங்கள் தருகிறேன்’ வந்தபோது
முன்பின் தெரியாத ஒருவர்
சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.
அவரிடம் இரண்டு பேட்டரி இருந்தது. ரேடியோ இல்லை.
எங்களிடம் இருந்த இரண்டோடு சேர்த்துப் போட்டோம்.
கடல் நாற்பது சென்டிமீட்டர் ஏறியது என்றது ரேடியோ.
காத்திருங்கள் என்றது.
காத்திருந்தோம்.
ஓயார்சூனின் தெர்மாஸ் மூடியில்
ஆளுக்கு ஒரு வாய் தேநீர்.

தெருநாய்கள் யார் சொல்லியும் இல்லாமல்
எங்களுக்கு முன்பே ஏறியிருந்தன.
காதைப் படுக்கவைத்து நடுங்கின.
தீனிப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன்.
ஒன்று வந்தது, பிறகு ஒன்பது.
மணலோடு சேர்த்து நக்கின.
இதற்கும் ஒரு சீட்டு எழுத வேண்டுமே என்று தோன்றியது.
யார் பேருக்கு எழுதுவது?

சனிக்கிழமை கடைக்குப் போய் எல்லாவற்றையும் அடைத்தேன்.
ஒவ்வொன்று வைக்கும்போதும் ஒரு சீட்டைக் கிழித்தேன்.
புதுக் கத்தியும் வாங்கி வைத்தாயிற்று.
எஃப்ராயினின் சீட்டை மட்டும்
அடையாள அட்டை நகல்களோடு உறைக்குள் செருகினேன்.
நிபால்தோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ரிமோட்டை எடுத்து,
உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.